ஹென்னுக்கு வேலை இல்லை

கேள்வி: சீன மொழியில் 'மிக' என்பதற்கு 'ஹென்' என்று ஒரு சொல் உண்டாம். ஆனால் 'அவன் என்னைவிட மிக உயரம்' என்பதில் அதைப் போட்டால் தப்பாம். சீனர்களுக்கு உயரம் என்றால் ஆகாதா?

பதில்: 7 அடி 6 அங்குலக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கைப் பெற்ற நாட்டிடம் கேட்கிற கேள்வியா இது! குற்றம் உயரத்தில் இல்லை, ஹென்னில். 'தா காவ்' (அவன் உயரம்) என்று மொட்டையாக நிறுத்தினால், 'யாரைவிட?' என்று கேட்பவர் காத்திருப்பார். அந்த ஒப்பீட்டு வாடையைப் போக்கத்தான் ஹென் நுழைகிறது. அழுத்திச் சொல்லாவிட்டால் அதில் 'மிக' என்ற பொருள்கூடப் பாதிதான். 'தா பி வொ காவ்' (அவன் என்னைவிட உயரம்) என்று 'பி' வந்து ஒப்பிடும் ஆளையே நிறுத்திவிட்ட பிறகு ஹென்னுக்கு ஏது வேலை?

'அப்படியானால் நிறைய வித்தியாசத்தை எப்படிச் சொல்வதாம்?' என்பீர்கள். அளவெல்லாம் பண்புச்சொல்லுக்குப் பின்னால் வரும்: 'காவ் த துவோ' என்றால் நிறைய உயரம், 'காவ் யீதியன்' என்றால் கொஞ்சம். 'முன்னால் "கெங்" மட்டும் போடுகிறார்களே' என்று மடக்கலாம். போடுகிறார்கள்தான். ஆனால் கெங் வித்தியாசத்தை அளப்பதில்லை. 'தா பி வொ கெங் காவ்' என்றால் பெரும்பாலும், நானும் உயரம்தான், அவன் அதற்கும் மேலே என்று பொருள். ஏறக்குறைய நம் 'இன்னும்'. ஆகவே குள்ளமான ஒருவர் கெங் போட்டுப் பேசினால் இலக்கணம் விட்டுவிடும்; பக்கத்தில் நிற்பவர்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.