கடவுளுக்குக் கேட்கும்

குண்டு விழும் தேசத்துக்குப் புனிதப் பயணம் எதற்கு? வீட்டிலிருந்து ஜெபித்தால் கடவுளுக்குக் கேட்காதா?

கடவுளுக்குக் கேட்கும். பெத்லகேம்காரர் குரல் நமக்குக் கேட்குமா?

விடுதி, ஒலிவ மரச் சிற்பம், வழிகாட்டி வேலை என்று அந்த ஊரில் பலருக்குச் சோறு போடுவது யாத்திரிகர்கள்தான். அந்த ஊர் பட்ட பாடும் கொஞ்சமல்ல: 2002-இல் அங்குள்ள இயேசு பிறப்பு ஆலயமே 39 நாள் முற்றுகையில் கிடந்தது. 2023 கிறிஸ்துமஸுக்கு, காசா போர் நடுவே, ஆலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் மரமும் இல்லை, விளக்கும் இல்லை. ஊரிலுள்ள லுத்தரன் ஆலயத்தில் குழந்தை இயேசுவை இடிபாட்டுக் கற்களுக்கு நடுவே கிடத்தினார்கள்.

வழி திறந்திருந்தால் போங்கள். பிறப்பு ஆலயத்துக் குகையில் மண்டியிட்டதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அங்குள்ள அரபுக் கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து ஆராதியுங்கள், ஓர் இரவாவது பெத்லகேமிலேயே தங்குங்கள். யாத்திரைப் பேருந்துகள் பலவும் சில மணி நேரத்தில் எருசலேமுக்குத் திரும்பிவிடுகின்றன.