நாலுக்கஞ்சு

எங்கள் தெருவில் அவருக்கு 'நாலுக்கஞ்சு' என்று பெயர். வட்டிக்கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நாலு அங்குலத்துக்கு அஞ்சு அங்குலம் ஃபிலிம் தாள் போடுகிற பெரிய கேமரா ஒன்று வாங்கப்போகிறார். ஆறு வருஷமாக வாங்கப்போகிறார்.

"ஆரம்பத்துக்கு ஏதாவது ஒண்ணு போதும் சார், விலை மட்டும் கையைக் கடிக்கக் கூடாது" என்பார். அந்த ஏதாவது ஒண்ணுதான் இன்னும் அகப்படவில்லை.

பழைய ஸ்பீட் கிராஃபிக்கைச் சொன்னேன். "முன்பக்கம் ஏதோ கொஞ்சம் நகரும். பின்பக்கம் அசையவே அசையாது. கனம் வேற." அதே கேமராவைத் தூக்கிக்கொண்டுதான் நியூயார்க்கில் வீஜி என்ற புகைப்படக்காரர் நடுராத்திரியில் கொலை விழுந்த இடத்துக்கெல்லாம் ஓடினார். நம்மவருக்குப் பெசன்ட் நகர் பீச் வரைக்கும் ஒத்துவராது.

மோனோரயில் கேமரா? மலிவு, எல்லாப் பக்கமும் வளையும். "ஆனா மடங்காதே சார், கூட ஒரு ஆள் போடணும்." இங்கிலாந்தில் பிரைட்டனில் செய்கிற இன்ட்ரெபிட்? லேசானது, புதுசு. "ப்ளைவுட்டா? எங்க வீட்டு அலமாரி ப்ளைவுட்தான். ஒரே மழையில உப்பிப் போச்சு."

ஒருவழியாக ஒன்று பிடித்துப்போனாலும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுவார். லென்ஸ் போர்டு, லூப், முக்காலி, கஸ்டம்ஸ். ஹோல்டர் ஒன்றுக்கு ரெண்டே தாள், அப்படி அஞ்சாவது வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடைசியில் 25 தாள் பெட்டியின் விலையை வகுத்துப் பார்த்து, "ஒரு தடவை அமுக்கினா ரெண்டு பேர் மெஸ் சாப்பாடு போச்சு" என்று பேனாவை மூடிவிடுவார்.

லென்ஸை மட்டும் வாங்கிவிட்டார். 150 மி.மீ., எஃப் 5.6, ஷ்னைடர் சிம்மார்-எஸ். ஷ்னைடர், ரோடன்ஸ்டாக், நிக்கான், ஃபுஜி, இந்த நாலு பேர் செய்த 150-ல் எதை எடுத்தாலும் குடி முழுகிப்போகாது என்பது என் அபிப்பிராயம். அவரிடம் சொல்ல முடியாது, பதினாலு மாசம் ஆராய்ந்திருக்கிறார். ஃபிலிம் மூலைக்கு மூலை சுமார் 15 செ.மீ., லென்ஸ் போடும் வெளிச்ச வட்டமோ எஃப் 22-ல் 21 செ.மீ. மிச்ச இடம் எதற்கு? கோபுரம் பின்னால் சாயாமல் நிற்க லென்ஸை மேலே ஏற்றுவதற்கு. ஏற்றக் கேமரா வேண்டும் என்பது வேறு விஷயம்.

டீக்கடையில் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுப்பார். மஞ்சள் துணியைப் பிரித்து, ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து, லீவரை இழுத்து, என் காதோரம் நீட்டுவார். ஸ்ர்ர்ர்... டக். "கேட்டீங்களா? ஒண்ணே கால் செகண்ட் ஓடுது. எண்ணெய் காஞ்சிருக்கு." டீ ஆறி ஆடை கட்டியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி ரெண்டு செருப்புப் பெட்டி. முன்னால் சிம்மார், பின்னால் டிரேசிங் பேப்பர், மேலே சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டி. துணி உலர்த்த வந்த மனைவியை வேட்டிக்குள் நுழைத்துவிட்டு, எதிரே போய் நின்றார். பெட்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார்.

"ஏங்க, தலைகீழாத் தெரியுறீங்க."

"அப்படித்தான் தெரியும். இடமும் வலமும்கூட மாறியிருக்கும்."

வேட்டிக்குள் சத்தமே இல்லை. சித்திரை வெயிலில் அவருக்குக் கால் சுட்டது. ஒரு காலை மாற்றி மறு காலை வைத்தார்.

"கொடியில உங்க சட்டை ஆடுதுங்க. சினிமா மாதிரி இருக்கு."

"சரி, போதும். வெளியே வா, சாரும் பார்க்கட்டும்."

"சும்மா நில்லுங்க," என்றது வேட்டி. "அசையாதீங்க."