பெட்டி வந்திட்டுது, நம்பர் வரேல்லை

கொழும்பில் ஏற்றிய கறுவாப் பெட்டி இந்து சமுத்திரம் தாண்டி, வழியில் எங்கோ கப்பல் மாறி, அத்திலாந்திக்கையும் கடந்து, சென் லோறன்ஸ் ஆற்றுக்குள் 1,600 கிலோமீற்றர் ஏறி மொன்றியல் துறைமுகத்தில் பத்திரமாக இறங்கிவிடும். அந்தப் பெட்டியின் நம்பரை என் கணினித் திரையில் இடப்பக்க யன்னலிலிருந்து வலப்பக்க யன்னலுக்குக் கொண்டுபோவதற்குள் எனக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போகும். இடைவெளி நாலு விரற்கடைகூட இல்லை.

நோத்ர டாம் வீதியில், துறைமுகப் பக்கமாக, சுங்கப் பத்திரம் நிரப்பும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. விசிட்டிங் கார்டில் ‘இறக்குமதி ஒருங்கிணைப்பாளர்’ என்று அச்சடித்திருக்கிறது. செய்வதெல்லாம் கொப்பி, பேஸ்ட். கப்பல் கொம்பனியின் பக்கத்திலிருந்து எடுத்து இறங்குதுறையின் பக்கத்தில் ஒட்டுவேன். அங்கிருந்து எடுத்துக் களஞ்சியத்தின் பக்கத்தில் ஒட்டுவேன். 2024 ஒக்ரோபரில் கனடாச் சுங்கத்தின் இறக்குமதிக் கணக்கும் வரியும் ‘கார்ம்’ என்ற இணைய வாசலுக்கு மாறிய பிறகு, அங்கேயும் ஒட்டுகிறேன். எல்லாமே பிரவுசருக்குள். பிரவுசர் மட்டும் ஆளுக்கொரு கணினியில். முதலாளி மாக். நானும் பில் போடும் அக்காவும் விண்டோஸ். ரக் அனுப்பும் தம்பி லினக்ஸ், “சும்மா கிடைக்கிற சாமானுக்கு ஏன் அண்ணை காசு?” என்பது அவனுடைய சித்தாந்தம்.

நம்பர் என்று சொன்னேன். அது லேசுப்பட்ட நம்பர் இல்லை. 1956 ஏப்ரல் 26 அன்று மல்கம் மக்லீன் என்ற ரக் முதலாளி ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பினார். அதன் பிறகு எந்த அளவில் பெட்டி செய்வது என்று ஆண்டுக்கணக்கில் சண்டை பிடித்து, கடைசியில் உலகம் முழுக்க ஒரு அளவுக்கு வந்தார்கள். எட்டு மூலையிலும் ஒரே மாதிரித் துளை. அதனால் கொழும்பில் தூக்கிய பெட்டியை மொன்றியலில் இறக்க எந்தப் பாரந்தூக்கியும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

பெட்டிக்கு நம்பர் வைத்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர். நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் கட்டி ஒரு தனி இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் காவல்காரன். சி, எஸ், கியூ, யு, 305438 என்று ஒரு பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒரு மதிப்பு: ஏ என்றால் 10, பி 12, சி 13. பதினொன்றின் மடங்குகளை மட்டும் தாண்டிப் போகவேண்டும். முதல் இடத்தை ஒன்றால், அடுத்ததை இரண்டால், பிறகு நாலால், எட்டால் என்று இரட்டித்துப் பெருக்கிக்கொண்டே போய்க் கூட்டினால் 6185. அதைப் பதினொன்றால் வகுத்தால் மிச்சம் 3. ஆகவே கட்டத்துக்குள் 3. நான் தூக்கக்கலக்கத்தில் 438 என்பதை 348 என்று மாற்றி அடித்தால் கணக்கு 3 வராது, 0 வரும். கள்ளன் பிடிபட்டுவிடுவான்.

இதை வகுத்த குழு ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்திருக்கிறது: மனிசன் பார்த்து எழுதினால் பிழை விடுவான். அவனை நம்பாதே. கொப்பி, பேஸ்ட்டைக் கண்டுபிடித்தவர் இதற்கு நேர் எதிர். அவர் எல்லாரையும் நம்பிய நல்ல மனிதர். பெயர் லாரி டெஸ்லர். 1970களில் கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் மொட் என்பவரோடு சேர்ந்து ‘ஜிப்சி’ என்ற எழுதும் நிரலில் வெட்டி ஒட்டும் வித்தையைச் செய்தவர். 1980இல் அப்பிளுக்குப் போனார். ஒரு விசை ஒரு நேரம் ஒன்றையும் இன்னொரு நேரம் வேறொன்றையும் செய்யக்கூடாது என்பது அவருடைய வாழ்நாள் வைராக்கியம். ‘நோ மோட்ஸ்’ என்று கார் நம்பர் பிளேட்டிலேயே போட்டுக்கொண்டு திரிந்தவர். 2020 பெப்ரவரியில் காலமானார். நல்லகாலம், எங்கள் அலுவலகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

இங்கே கொன்ட்ரோல்-சி என்ன செய்யும் என்பது நீங்கள் எந்த யன்னலில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என் கணினியில் அது கொப்பி. தம்பி பிரவுசருக்குள் திறந்து வைத்திருக்கும், கட்டளை அடிக்கும் கறுத்தத் திரையில் அது கொலை. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். லினக்ஸ் கறுத்தத் திரையில் கொப்பி பண்ண ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். ஆனால் அந்தத் திரை பிரவுசருக்குள் இருப்பதால், ஷிஃப்டைச் சேர்த்தவுடன் பிரவுசர் முந்திக்கொண்டு, வலைப்பக்கத்தின் குடலை உருவிக் காட்டும் நிரலாளர் யன்னலைத் திறந்து வைக்கும். பின்னால் நின்று பார்த்த முதலாளி, பையன் சுங்கத் திணைக்களத்தை ஹக் பண்ணுகிறான் என்று பயந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

முதலாளியின் கதை வேறு. அவருடைய மாக்கில் கொப்பிக்குக் கொன்ட்ரோல் இல்லை, கொமாண்ட். களஞ்சியத்தின் பழைய விண்டோஸ் நிரலுக்கு அவர் பிரவுசர் வழியாகத்தான் போகவேண்டும்; மாக்குக்குள் பிரவுசர், பிரவுசருக்குள் ஒரு முழு விண்டோஸ். உள்ளே இருக்கும் விண்டோஸ் கொமாண்ட் விசையைக் கண்டதில்லை. அவர் கொமாண்ட்-சி அழுத்தினால் அது ஸ்டார்ட் மெனுவைத் திறந்து காட்டி, “வாங்கோ, என்ன வேணும்?” என்று நிற்கும். சலித்துப்போய் அந்தச் சின்ன யன்னலை மூட நினைத்துக் கொமாண்ட்-டபிள்யூ அழுத்துவார். அதை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு விடாமல் வெளியே இருக்கும் பிரவுசர் பிடித்துக்கொள்ளும். தாவலே மூடிவிடும். பாதி நிரப்பிய பத்திரமும் அதோடு போய்விடும். அந்த நேரம் அவர் அறையிலிருந்து வரும் சொற்களை இங்கே ஒட்ட முடியாது.

ஆறுதலாக விசாரித்தால் வியாதி இதுதான். அப்படியான இடத்தில் கிளிப்போர்ட் ஒன்றில்லை, இரண்டு. உள்ளே கொப்பி பண்ணியது உள்ளே கிடக்கும். வெளியே கொப்பி பண்ணியது வெளியே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் தரகு பார்ப்பது பிரவுசர். வலைப்பக்கம் ஒன்று நீங்கள் கொப்பி பண்ணியதை வாசிக்க வந்தால் குரோம், “விடட்டோ, மறிக்கட்டோ?” என்று மேலே ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். பயர்பொக்ஸும் சஃபாரியும் ‘பேஸ்ட்’ என்று ஒரு பொத்தானை மட்டும் காட்டி, நீங்கள் அமத்தும் வரை அசையாது. கேட்பது நியாயம். போன நிமிடம் கொப்பி பண்ணியது உங்கள் வங்கிக் கடவுச்சொல்லாகவும் இருக்கலாம். ஆனால் பில் போடும் அக்கா எந்தப் பெட்டி மேலே எழும்பினாலும் விளம்பரம் என்று நினைத்து மறித்துவிடுவார். மறித்ததைப் பிரவுசர் மறப்பதில்லை. பிறகு கேட்பதும் இல்லை. அப்போது அக்கா என்னைக் கூப்பிடுவார்.

“தம்பி, இது ஒட்டுதில்லை.”

“அக்கா, ஏதாவது கேட்டதோ?”

“ஒண்டும் கேக்கேல்லை.”

“முந்தி ஒருக்கால் கேட்டிருக்குமே?”

“முந்திக் கேட்டதெல்லாம் இப்ப ஏன்?”

முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் குறியை அமத்தி, கிளிப்போர்ட் என்ற இடத்தில் ‘மறி’ என்பதை ‘விடு’ என்று மாற்றினால் போதும். மாற்றியும் சரிவராவிட்டால் முகவரியின் தலையைப் பாருங்கள். எச்.ரி.ரி.பி.க்குப் பின்னால் எஸ் இல்லாவிட்டால், அனுமதி கேட்கும் வசதியையே பிரவுசர் அந்தப் பக்கத்துக்குக் கொடுக்காது. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் பழைய நிரல்களுக்கு இந்த எஸ் இருப்பது அபூர்வம்.

தம்பியின் லினக்ஸில் பிரச்சினை தத்துவ ரீதியானது. கொப்பி பண்ணினால் அது எங்கோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். அங்கே எதுவும் எங்கேயும் போவதில்லை. “என்னட்டை இருக்கு, கேட்டால் தருவன்” என்று அந்த நிரல் வாக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒட்டும்போதுதான் உண்மையில் கைமாறும். இடையில் அந்த நிரலை மூடிவிட்டால், பிடித்து வைக்க வேறு நிரல் ஓடாதவிடத்து, சாமான் இருக்கு வாங்கோ என்று ரெலிபோனில் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போன கதைதான். போதாததற்கு அங்கே இன்னொரு வழியும் உண்டு: எழுத்தைத் தெரிவு செய்தாலே கொப்பி ஆகிவிடும், மவுசின் நடுப் பொத்தானை அமத்தினால் ஒட்டும். அது வேறு சரக்கு, கொன்ட்ரோல்-சி வேறு சரக்கு. தம்பி ஒரு பெட்டியின் நம்பரைக் கொப்பி பண்ணி, இன்னொன்றைத் தெரிவு செய்து, எதை ஒட்டினோம் என்று தெரியாமல் ரக்கை அனுப்பினால், சாரதி இறங்குதுறை வாசலில் நின்று என்னைத்தான் கூப்பிடுவான்.

சரி, ஒட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பக்கம் சொல்லும்: அப்படி ஒரு கொன்ரெயினர் இல்லை. யன்னலால் எட்டிப் பார்த்தால் பெட்டி அடுக்கில் மூன்றாவதாகக் குந்தியிருக்கும். பதினொரு எழுத்தும் சரி, கட்டத்துக்குள் இருக்கும் இலக்கமும் சரி. என்ன குற்றம்? கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டாவது எழுத்து. வலைப்பக்கத்திலிருந்து எடுக்கும்போது வால்பக்கத்தில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதிலும் கியூபெக் வெற்றிடம் விசேஷமானது. பிரெஞ்சுக்காரர் ஆயிரத்தைக் காற்புள்ளியால் பிரிப்பதில்லை, இடைவெளியால் பிரிப்பார்கள். அந்த இடத்தில் வரி உடையக்கூடாது என்று உடையாத வெற்றிடம் ஒன்றைப் போடுவார்கள். பார்க்க மற்ற வெற்றிடம் போலவே இருக்கும். நிரலுக்கு அது அந்நியன். காற்புள்ளியைத் தசமத்துக்கு வைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் 18 450,5 கிலோ தேங்காய்ப்பால். ஆங்கிலப் பக்கத்தில் ஒட்டியபோது அது வெற்றிடத்தையும் காற்புள்ளியையும் சேர்த்து விழுங்கிவிட்டு 184505 என்று காட்டியது. ஒரு பெட்டிக்குள் 184 தொன் தேங்காய்ப்பால்! அதைத் தூக்கினால் பாரந்தூக்கி ஆற்றுக்குள் தலைகீழாக விழும்.

கறுவாவுக்கும் கண்டம் உண்டு. உலகச் சுங்கப் பட்டியலில் கறுவா 0906இல் தொடங்கும், மிளகு 0904, தேயிலை 0902. விரிதாளில் ஒட்டினால் அது உடனே கணக்கு வாத்தியாராகி, முன்னுக்கு நிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று துரத்திவிடும். எங்கள் ஊர்ச் சாமான் பலவற்றுக்கும் முன்னுக்குப் பூச்சியம்தான். ஒட்டுவதற்கு முன் விரிதாளின் அந்த நெடுவரிசையை ‘எழுத்து’ என்று மாற்றி வைத்தால் பூச்சியம் தப்பும்.

கோட் டெ நேஜ் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சாமான் பட்டியலைத் தமிழில் அனுப்புவார். தமிழ் என்றால் பாமினி. ஈழத்தவர் வீட்டுக் கணினிகளில் ஒரு காலம் குலதெய்வமாக இருந்த எழுத்துரு. அவருடைய திரையில் ‘அம்மா’ அழகாக இருக்கும். அதையே எடுத்து வலைப்பக்கத்தில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் வந்து விழும். பாமினி அடியில் ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. மேலே தமிழ்ச் சட்டை. பேஸ்ட் பண்ணும்போது சட்டை கழன்றுவிடும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்கள் உண்டு, மாற்றித்தான் ஒட்டவேண்டும் என்றேன். “இவ்வளவு காலமும் வாசிச்ச தமிழ் இப்ப என்ன திடீரெண்டு?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் பட்டியலைக் கையால் அடித்தேன்.

இந்த வியாதிகளுக்கு எல்லாம் முதல் வைத்தியம் ஒன்று: நோட்பாட்டைத் திற, அதில் ஒட்டிப் பார். அங்கே விழுந்தால் கொப்பி ஆகியிருக்கிறது. குற்றம் வாங்கும் பக்கத்தில். அங்கேயே விழாவிட்டால் குற்றம் கொடுக்கும் பக்கத்தில். விழுந்ததன் கடைசியில் போய் நின்று ஒரு தரம் பின்னழி விசையைத் தட்டு. இலக்கம் அழியாமல் ஏதோ அழிந்தால் அதுதான் அந்தப் பன்னிரண்டாம் பேர்வழி. நோட்பாட் வழியாகப் போகும் எழுத்து நிறம் போன்ற அலங்காரத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகும். பெட்டியின் கணக்கை விரிதாளில் சூத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஒட்டிய நம்பர் தவறென்றால் சிவப்பு விழும். பெட்டிக்குக் காவல்காரன் இருக்கிறானே, அவனைக் கிளிப்போர்ட்டுக்கும் இரவல் வாங்கிக்கொண்டேன்.

மொன்றியல் துறைமுகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. 1840 முதல், ஆண்டின் முதல் கடற்கப்பலை இடையில் எங்கும் தரிக்காமல் கொண்டுவந்து சேர்க்கும் கப்டனுக்குப் பரிசு கொடுப்பார்கள்; இப்போது அது தங்கப்பூண் போட்ட கைத்தடி. முந்தி ஆறு உறைந்து கிடந்து, பனி உடைந்து வழி விட்ட பிறகுதான் கப்பல் வரும். அதனால் அது பெரிய வீரம். 1964 ஜனவரியில் ‘ஹெல்கா டான்’ என்ற டென்மார்க் கப்பல் வந்ததிலிருந்து குளிர்காலத்திலும் வழி திறந்துதான் இருக்கிறது. தடி மட்டும் நிற்கவில்லை.

நாங்களும் அப்படி ஒன்று வைப்போம் என்று முதலாளியிடம் சொன்னேன். மாக்கில் கொப்பி பண்ணிய நம்பரை, பிரவுசருக்குள் இருக்கும் விண்டோஸ் வழியாக, தம்பியின் லினக்ஸில், இடையில் எங்கும் தரிக்காமல் ஆண்டில் முதன்முதல் கொண்டுபோய் ஒட்டுகிறவருக்கு ஒரு கைத்தடி. முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நல்ல யோசினை. தங்கத்திலயே செய்விப்பம்” என்றார். “எப்பிடியும் ஒருத்தருக்கும் குடுக்க வேண்டி வராது.”