கானமயிலா, டி.ஜே.வா?

கே: டிசம்பரில் ஜெய்சால்மர் பாலைவன தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். எங்கே தங்கலாம்?

ப: அது யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாம் மணல்மேட்டுக் கூடாரங்களில் ஒட்டகச் சவாரி, ஆட்டம் பாட்டம், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. தூக்கம் மட்டும் தனிக்கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காது. கூரி கிராமம் அமைதியானது. கம்பு ரொட்டி தின்றுவிட்டு மண்குடிசையில் நட்சத்திரம் எண்ணலாம். மாமியாரும் வருகிறார் என்றால் (மரியாதையாகவே சொல்கிறேன்) சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஜெய்சால்மர் ஊருக்குள்ளேயே அறை எடுங்கள். வெந்நீர் வராவிட்டால் வேறு ஓட்டலுக்காவது மாறலாம்.

கானமயில்தான் குறி என்றால், விடியற்காலையிலேயே பூங்காவின் சுதாசரி பகுதிக்குப் போய்விட வேண்டும். காட்டில் 200-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் பறவை. உங்கள் காலைக் காப்பிக்காகக் காத்திருக்காது. எங்கே தங்கினாலும் கம்பளி அவசியம். டிசம்பர் இரவில் அங்கே குளிர் பல்லைக் கிட்டவைக்கும்.