எல்லை தாண்டும் பனியன்காரர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு திருப்பூர் வீரபாண்டி பிரிவில் ஒருவர் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் தொடையைக் கவ்விய அரைக்கால் சட்டையுமாக நிற்கிறாரா? சந்தேகமே வேண்டாம், ஏதோ ஒரு பனியன் கம்பெனி முதலாளிதான். சனிக்கிழமை ராத்திரி வாரச் சம்பளம் வாங்கிய டெய்லரும் செக்கிங் அக்காவும் நிம்மதியாகத் தூங்குகிற நேரம் அது. சம்பளம் போட்டவருக்குத்தான் தூக்கம் வராது.

"ஏனுங் மொதலாளி, காரு ரிப்பேருங்களா?" என்று டீக்கடைக்காரர் வாராவாரம் கேட்பார். முதலாளியும் சளைக்காமல் "ஹெல்த்துக்குங்க" என்பார். சைக்கிளின் விலை ஒன்றே கால் லட்சம். வீட்டில் சொன்னது முப்பத்தைந்தாயிரம். ஏற்றுமதித் தொழிலில் இதற்கு அண்டர் இன்வாய்ஸ் என்று பெயர்.

இந்த நோயைத் தொற்ற வைத்தவர் ஜெர்மனி பையர். காலையில் ஜெர்மனியில் ரொட்டி, மத்தியானம் பெல்ஜியத்தில் வறுத்த உருளைக்கிழங்கு, சாயங்காலம் நெதர்லாந்தில் காபி, எல்லாம் சைக்கிளிலேயே என்று அளந்துவிட்டுப் போனார். அளந்தாலும் பொய்யில்லை. 1985இல் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகள் 1995இல் எல்லைச் சோதனையை எடுத்துவிட்டன. மூன்று நாடுகளும் சந்திக்கிற ஃபால்ஸர்பெர்க் குன்றுதான் நெதர்லாந்தின் ஐரோப்பியப் பகுதியிலேயே உயரமான இடம்: 322 மீட்டர். திருப்பூரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நம்மாள் வீட்டு வாசலில் சைக்கிளை எடுக்கும்போதே கிட்டத்தட்ட நெதர்லாந்தின் உச்சியில் நிற்கிறார். இதைக் கூகுளில் கண்டுபிடித்த நாளிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. எல்லை தாண்டியே தீருவது என்று முடிவாகிவிட்டது. கைக்கெட்டிய எல்லை கேரளா.

பல்லடம், காமநாயக்கன்பாளையம், பொள்ளாச்சி, கோபாலபுரம். போக மட்டும் 70 கிலோமீட்டருக்குக் குறையாது. அவரைப் பொறுத்தவரை இது பயணமே அல்ல, ஆர்டர். பல்லடம் ஆறு மணிக்குள், பொள்ளாச்சி எட்டரைக்குள் என்று ஒவ்வொரு ஊருக்கும் டெலிவரி நேரம் உண்டு. கூட வந்து நடுவழியில் பஞ்சரான மச்சான் 'ரிஜெக்‌ஷன்'. பின்தங்கிய ஆடிட்டர் 'பெண்டிங்'.

ஆடி மாதத்தில்தான் வேடிக்கை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கே பாயும் காலம் அது. அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துக் காடுதோட்டங்களில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். மில்காரர்களும் கம்பெனிக்காரர்களும் சொந்த மின்சாரத்துக்காக வாங்கிப் போட்டவை அவற்றில் ஏராளம். நம்மாளுக்கும் ஒன்று உண்டு, பங்காளியோடு பாதிப் பங்கு. மூஞ்சியில் காற்று அடித்து, பத்து கிலோமீட்டர் வேகத்துக்குமேல் முள் நகராமல் அவர் திணறும்போது, ரோட்டோரத்தில் அவருடைய காத்தாடி ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும். காலுக்கு நஷ்டம், மீட்டருக்கு லாபம். நின்று திட்டவும் மனசு வராது.

கோபாலபுரத்தில் எல்லைப் பலகையருகே போட்டோ. வாளையார் செக்போஸ்ட்டில் சரக்கு லாரிகள் நாள்கணக்கில் கிடந்ததையும், 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச்சாவடிகள் போனதையும் மூச்சு வாங்க ஒரு பிரசங்கம் செய்வார். அவரை இங்கே ஒருவரும் நிறுத்தவில்லை என்பதில் அவருக்கு லேசான வருத்தம். யாராவது பாஸ்போர்ட் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆடிட்டரின் கண் வேறு பக்கம் போகும். தமிழ்நாட்டில் 1987இல் மூடிய கள்ளுக்கடை கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் திறந்தே இருக்கிறது. 2003இல் இங்கே தடை செய்த லாட்டரிச் சீட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கொடி கட்டித் தொங்குகிறது. உடற்பயிற்சிக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பூகோளம் முன்கூட்டியே தெரியும் என்பதைக் கிளறாமல் விடுவதே மரியாதை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சாயாக்கடை. யூடியூபில் கற்ற மலையாளத்தைத் திரட்டி, "சேட்டா, ஒரு சாய" என்கிறார். கடைக்காரர் நிமிராமலே கேட்கிறார்: "சக்கரை போடோணுமுங்களா?"

டீ வருவதற்குள் கை மச்சானின் ஜெர்சிக் கைமடிப்பைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். ஆயுசு முழுக்கக் காட்டனில் பிழைத்தவர் உடம்பில் இன்று பாலியஸ்டர். "நூத்தி நாப்பது ஜி.எஸ்.எம். இருக்குமுங்க," என்று திருப்பிப் பார்ப்பார். பிளாட்லாக் தையல், சைடில் ஒரு நூல் தொங்குகிறது. "இதுக்கு நாலாயிரத்தி ஐநூறா? நம்ம பவர் டேபிள் பசங்ககிட்டக் குடுத்தா..." துணி, நூல், தையல், அயர்னிங், பேக்கிங் என்று விரல் மடங்கும். டீ ஆறிப்போகும். பக்கத்துத் தென்னந்தோப்பு அவர் கண்ணில் படவே இல்லை.

திரும்பும்போது அதே காற்று முதுகில். மிதிக்காமலே முப்பத்தைந்தில் ஓடுகிறது வண்டி. சைக்கிள்காரர்கள் பயணக் கணக்கைப் போடும் ஸ்ட்ராவா செயலியில் வேகத்தை ஏற்றும்போது காற்றின் பெயரைச் சேர்ப்பதில்லை. 'ஸ்ட்ராங் லெக்ஸ்' என்று மட்டும் போடுவார்.

வீடு சேர்ந்து, வெந்நீரில் காலை வைத்து, மனைவியிடம் "கேரளா போயிட்டு வந்தேன்" என்றால், "சிப்ஸ் எங்கீங்க?" என்று கேள்வி. பதில் சொல்வதற்குள் போன் சிணுங்குகிறது. ஜெர்மனிக்காரர் ஸ்ட்ராவாவில் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று கைதட்டி, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்: இவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறதே, வெள்ளிக்கிழமை வரவேண்டிய சாம்பிள் எங்கே?