விசில் இருந்தால் போதும்

சென்னையின் தெற்குப் புறநகரில், மேடவாக்கத்தில் ஆரம்பித்து ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று போய்க்கொண்டே இருங்கள். நேற்றுவரை எருமை மேய்ந்த மனையெல்லாம் இன்று டர்ஃப். நான்கு பக்கம் வலை, தரையில் பச்சை பிளாஸ்டிக், தலைக்கு மேல் எல்.இ.டி. விளக்கு. ராத்திரியில் ஐ.டி. இளைஞர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுகிறார்கள். விடிந்தால் அதே இடம் கால்பந்து அகாடமி. பெயர் மட்டும் ஸ்பெயினிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ இறக்குமதி ஆகியிருக்கும். பெண் பிள்ளைகளுக்குத் தனி பேட்ச் உண்டு. பெண் பயிற்சியாளர் உண்டா என்று கேட்டால், "தேடிக்கிட்டு இருக்கோம் மேடம்."

மகளைச் சேர்க்கப் போகிறீர்கள். என்ன கேட்பார்கள்? பிறப்புச் சான்றிதழ். ஆதார். பள்ளியில் படிப்பதற்கான சான்று. டாக்டர் கையெழுத்து. பாஸ்போர்ட் அளவு போட்டோ. ஜெர்சிக்குப் பணம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் ஒரு தாளை நீட்டுவார்கள். பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் அகாடமி பொறுப்பல்ல என்று அதில் நாமே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பொறுப்பில்லை என்பதைத்தான் நம் ஊரில் இவ்வளவு பொறுப்பாக எழுதி வாங்குகிறார்கள். பிள்ளை நன்றாக ஆடி மேலே போனால் சோதனையும் கூடவே போகும். வயதில் மோசடியா என்று பார்க்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பதற்கு நம் விளையாட்டுத் துறையில் விதி இருக்கிறது. எலும்பு வரைக்கும் பார்த்துவிடுவார்கள்.

சரி, பயிற்சியாளரிடம் என்ன பார்த்தார்கள்?

கழுத்தில் விசில் தொங்குகிறதா என்று பார்த்தார்கள்.

இது சட்டத்தின் ஓட்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்களைப் பட்டியல் போடும்போது பள்ளி, காப்பகத்தோடு விளையாட்டு அகாடமியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரையும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, போலீஸ் மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். 'வேண்டும்' என்றுதான் இருக்கிறது, 'முடிந்தால்' என்று இல்லை. அப்படிச் சரிபார்த்ததாக ஒரு தாளை எந்த டர்ஃப் சுவரிலாவது பார்த்தீர்களா? "செருப்புடன் வரக் கூடாது", "பாக்கு போட்டுத் துப்பக் கூடாது", "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்ற மூன்றும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அப்படி வெளியே நிறுத்திவைக்கப்பட்ட பெற்றோர் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காலை ஆறரை மணி. உள்ளே பயிற்சியாளர் கத்துகிறார்: "என்ன, பொம்பளப் புள்ள மாதிரி ஓடுற?" கேட்கப்படுவது பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை. அது வேறு எப்படி ஓட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அடுத்தவள் பந்தை விடுகிறாள். "வீட்ல எத்தனை இட்லி? இடுப்பைப் பாரு." வலைக்கு வெளியே ஒரு தாய் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறக்கிறார். பக்கத்தில் நிற்கும் அப்பா சிரிக்கிறார், யாரைப் பார்த்தும் இல்லாத ஒரு சிரிப்பு. "சார் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்." பயிற்சி முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசை கட்டி நிற்கும். நன்றி சார். நன்றி கோச். ராத்திரி பத்தரைக்கு அதே சார் பிள்ளையின் எண்ணுக்குத் தனியாகக் குட் நைட் அனுப்பினால், அதுவும் அக்கறைதான் என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கத்துகிற பயிற்சியாளரெல்லாம் குற்றவாளி இல்லை. சுனாமியில் அடிபட்ட கடலூர்ப் பெண் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்து ஆளாக்கிய பயிற்சியாளர் மாரியப்பன் போன்றவர்களும் இதே மண்ணில்தான் இருக்கிறார்கள். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறையாகத் தேசியக் கால்பந்து சாம்பியன்ஷிப்பை வென்றார்கள், 2023-ல் மறுபடியும் வென்றார்கள். யாரோ சொல்லிக் கொடுக்காமலா? அந்த நல்லவர்களின் நிழலில்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள் என்பதே எரிச்சல். யார் எவர் என்று பிரித்துப் பார்க்க ஒரு தாள்கூட இல்லை.

பெற்றோர் ஏன் வாய் திறப்பதில்லை என்று ஆச்சரியப்படுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். கல்லூரி இடம், ரயில்வே, போலீஸ் என்று எல்லாக் கதவுக்கும் சாவி சான்றிதழ். சான்றிதழுக்குச் சாவி அணியில் இடம். அந்த இடத்தை முடிவு செய்வது, காவல்துறை ஒருமுறைகூடச் சரிபார்க்காத ஒரு மனிதர். அவரிடம் போய், 'ஏன் சார் என் பொண்ணைத் தொட்டுத் தொட்டுப் பேசுறீங்க' என்று எந்தக் கால் டாக்ஸி ஓட்டுநர் கேட்பார்? கேட்டால் அடுத்த போட்டிக்கு அவள் பெஞ்சில். காரணம்: ஃபார்ம் இல்லை.

இது வெறும் பயம் என்றால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். 2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானார். சிறுவயதில் நடந்ததைப் புகாராகக் கொடுத்தவர் 19 வயது வீராங்கனை. அதன் பிறகு, முன்பு அவரிடம் பயிற்சி எடுத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உடல்வலிக்குச் சிகிச்சை என்று சொல்லித்தான் கை வைத்தார் என்பது புகார். ஊரே அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

2024 ஆகஸ்ட், கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் என்று ஒருவர் வந்தார். பிள்ளைகளைப் பள்ளி அரங்கிலேயே தங்கவைத்தார்கள். வந்தவருக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. பள்ளிச் சிறுமி ஒருத்தி சீரழிக்கப்பட்டாள். பள்ளி நிர்வாகம் உடனே ஒரு நடவடிக்கை எடுத்தது: வெளியில் சொல்லாதே என்று பிள்ளையிடம் சொன்னது. முதல்வரும் தாளாளரும் கைதான பிறகுதான், வந்தவரின் சான்றிதழை யாராவது பார்த்தீர்களா என்ற கேள்வி பிறந்தது. என்.சி.சி. என்று சொன்னாராம். போதாதா?

மேலே போனால் ஒழுங்காக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? 2022 கோடையில் இந்தியாவின் 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் அணி ஐரோப்பா போயிருந்தது. அங்கிருந்து துணைப் பயிற்சியாளரைத் திருப்பி அழைத்தார்கள். ஜூலையில், பாலியல் முறைகேட்டுப் புகாரில் அவர் நீக்கப்பட்டார் என்று அறிவிப்பு வந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அடுத்த மாதமே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியக் கால்பந்துக்குத் தடை போட்டது. ஆகா, பிள்ளைகளுக்காகக் கோபப்பட்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை நிர்வகிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை உட்கார வைத்ததுதான் ஃபிஃபாவைப் புண்படுத்தியது. தடை நாற்காலிக்காக. நாற்காலி சரியானதும் அந்த மாதமே தடை நீங்கியது. அக்டோபரில் அந்த அணி புவனேஸ்வரில் உலகக் கோப்பை ஆடி அமெரிக்காவிடம் எட்டு கோல் வாங்கியது. அந்த எட்டு கோலைப் பற்றி மட்டும் நாடே கருத்துச் சொன்னது.

2024 மார்ச். கோவாவில் மகளிர் லீகின் இரண்டாம் டிவிஷன். குடித்துவிட்டு அறைக்குள் புகுந்து அடித்தார் என்று இரண்டு வீராங்கனைகள் புகார் கொடுத்தார்கள். அடி எதற்கு? ராத்திரியில் பசித்து முட்டை வேகவைத்ததற்கு. கைதானவர் தீபக் சர்மா, அப்போது அவர்களுடைய அணியின் உரிமையாளர். அதோடு இமாச்சலக் கால்பந்து சங்கச் செயலாளர். அதோடு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினர். புகாரை மேலிடத்தில் கொடுங்கள் என்கிறார்களே, அந்த மேலிடம்.

அரசாங்கம் நேரடியாக நடத்தும் இடங்களிலும் கதை இதுதான். பத்தாண்டுகளில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களில் 45 பாலியல் புகார்கள் வந்ததாகவும், அவற்றில் 29 பயிற்சியாளர்கள் மீதே என்றும் 2020-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. தண்டனைகள்? பலருக்கு இடமாற்றம். சிலருக்குச் சம்பளத்தில், ஓய்வூதியத்தில் கொஞ்சம் வெட்டு. இடமாற்றம் என்றால் என்ன அர்த்தம்? அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புது சார். 2023-ல் பாலியல் புகாருக்கு நீதி கேட்டு மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி நடைபாதையில் படுத்துக் கிடந்தபோது ஒரு நாளிதழ் எண்ணிப் பார்த்தது: 30 தேசிய சம்மேளனங்களில் 16-ல் சட்டப்படியான உள்புகார்க் குழு இல்லை. அந்தக் குழுவைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 2013-ல். குழு அமைக்கப் பத்து வருடம் போதவில்லை. பாராட்டு விழாவுக்கு வரவேற்புக் குழு அமைக்க அவர்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

வெளிநாட்டைப் பார் என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கத் தொழில்முறை மகளிர் கால்பந்தில் நடந்த அக்கிரமங்களை விசாரித்த சாலி யேட்ஸ், 2022 அக்டோபரில் கொடுத்த அறிக்கையில் வேர் சிறுமியர் கிளப்புகளில் இருக்கிறது என்று எழுதினார். அங்கேயும் பெற்றோர் பணம் கட்டினார்கள், பொறுத்துக்கொண்டார்கள். ஒரு வித்தியாசம், அறிக்கை வந்தது. 2023 ஜனவரியில் நான்கு பயிற்சியாளர்களுக்கு நிரந்தரத் தடையும் வந்தது, பெயரோடு. இங்கே பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு 2018-லிருந்து இருக்கிறது. போலீஸ் பார்க்கலாம். நாம் பார்க்க முடியாது. மேடவாக்கத்தில் துரத்தப்பட்டவர் அடுத்த மாதம் வண்டலூரில் ஹெட் கோச்சாக வந்து நின்றால், தெரிந்துகொள்ள நமக்கு வழி கிடையாது.

உள்ளூரில் புகார் என்று வாயெடுத்தால் வரும் முதல் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். "விஷயத்தைப் பெருசாக்காதீங்க சார். பொண்ணு பேரு வெளிய வந்துடும், நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?" சொல்பவருக்குப் பிள்ளையின் கல்யாணத்தில் திடீரென்று அப்படி ஓர் அக்கறை. பிள்ளையின் பெயரை வெளியிடுவதே போக்சோவில் குற்றம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் அந்தக் கல்யாணக் கவலைக்காரர் காதில் போடலாம்: தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றம் தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று டீ வாங்கிக் கொடுப்பவரும் அதற்குள் வரக்கூடும்.

இந்த டர்ஃபெல்லாம் சுற்றி நிற்கும் தாம்பரம் மாநகராட்சியானது 2021-ல். 2022 புத்தாண்டு அன்று தனிக் காவல் ஆணையரகமே வந்தது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்தார்கள், 70 வார்டு பிரித்தார்கள். டீக்கடை வைக்க உரிமம் வேண்டும். நாய் வளர்க்க உரிமம் வேண்டும். நாற்பது பெண் பிள்ளைகளைக் காலையும் மாலையும் கையில் வைத்திருக்க ஒரு வாடகை மனையும் வலையும் போதும்.

2025 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. பெண்களுக்கும் சிறாருக்கும் பாதுகாப்புக் கொள்கை வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்லது. டெல்லியில் கிளம்பிய அந்தக் கொள்கை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டும்போது இப்போது பந்தை உதைக்கிற பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைப் பேட்சில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாடு காவல்துறை இணையத்திலேயே ஆள் சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. கட்டணம் ஒரு ஜோடி நல்ல கால்பந்து ஷூ விலைகூட வராது. அகாடமிக்கு அதுவும் செலவாகத் தெரிந்தால் சங்கடப்பட வேண்டாம். ஜெர்சிக்கு வாங்குகிறீர்கள், சான்றிதழுக்கு வாங்குகிறீர்கள், டர்ஃப் பராமரிப்புக்கு வாங்குகிறீர்கள். சாரைச் சரிபார்க்கும் கட்டணம் என்று ஒரு வரியைச் சேர்த்து ரசீது போடுங்கள். அதையும் நாங்களே கட்டிவிடுகிறோம்.