கிபிர் பார்த்த ஊரிலிருந்து விமானம் பார்க்க

கே: உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. கூட்டாளிமார் சேர்ந்து போர் விமானம், ஏவுகணை எல்லாம் பார்க்க ஆசை. கொழும்புக்குத்தான் போக வேண்டுமா? (மாணவர், மூதூர்)

ப: விமானங்களுக்கு இரத்மலானை விமானப்படை நூதனசாலைதான். ஆனால் முதல் நாளைத் திருகோணமலைக்குக் கொடுங்கள். கடற்படைத் தளத்துக்குள் ஹூட்ஸ் டவர் நூதனசாலை, உவர்மலையில் இராணுவ நூதனசாலை. இரண்டும் படை முகாமுக்குள் இருப்பதால் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு.

கே: போகிற வழியில் சீனக்குடாவைத் தாண்டுவோம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (மாணவர், கிண்ணியா)

ப: விமானப்படைத் தளத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலும் போதும், அதன் கதை தெரிந்திருந்தால். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பைத் தாக்கிய ஜப்பானியர், 9ஆம் தேதி காலை திருகோணமலைக்கு வந்தார்கள். அவர்களுடைய கப்பல்களை ஒரு கட்டலினா விமானம் முதல் நாளே கண்டு சொல்லிவிட்டதால், துறைமுகத்தில் நின்ற பெரும்பாலான கப்பல்கள் இரவோடிரவாக வெளியேறின. அவற்றில் ஒன்று பிரித்தானியரின் ஹேர்மிஸ். விமானம் சுமப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல் அது. ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. எல்லாம் சீனக்குடாவில் இறக்கி விடப்பட்டிருந்தன. தெற்கே போய்த் திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டது. காப்பாற்றப் போர் விமானம் கேட்டு அனுப்பிய செய்திக்கு வேளையோடு உதவி வரவில்லை. 307 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் பல நூறு பேரைத் தூக்கிக் கரை சேர்த்தது. ஹேர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலடியில்தான் கிடக்கிறது. நேரமிருந்தால் நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்கும் போங்கள். கல்லறைகளில் எழுதியிருக்கும் வயதுகளைப் படியுங்கள். பல உங்கள் வயதை ஒட்டியவை.

கே: எண்ணெய்க் குதத்தில் ஜப்பான் விமானம் மோதியதாக மூத்தப்பா சொல்வார். உண்மையா? (வாசகர், சீனக்குடா)

ப: உண்மை. அதே ஏப்ரல் 9. குதம் பல நாள் எரிந்தது. மிஞ்சிய 99 குதங்களைப் பற்றித்தான் 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதினார்கள்.

கே: ஏவுகணை எங்கே பார்க்கலாம்? (மாணவர், மூதூர்)

ப: மூதூரில் பெரியவர்கள் சொல்லும் மல்ரிபரல், ஏவுகணை அல்ல, நாற்பது குழாய்களிலிருந்து பாயும் ரொக்கெட். விட்ட பிறகு அதை யாரும் திருப்ப முடியாது. ஏவுகணைக்கோ வழிகாட்டும் கருவி உள்ளேயே இருக்கும். கடல் தாண்ட முடிந்தால் இராமேஸ்வரம் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம் இருக்கிறது, 2017இல் திறந்தது. அக்னி ஏவுகணையின் மாதிரி வடிவத்தை அங்கே காணலாம். இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் மைசூர்ப் படை ஆங்கிலேயர் மேல் ரொக்கெட் விட்டது. அதே மைசூர்ப் படை ரொக்கெட் விடும் ஓவியத்தை அமெரிக்காவின் வொலொப்ஸ் ஏவுதளத்தில் கண்டு கலாம் வியந்தார்.

கே: கிபிர் போர் விமானத்தின் சத்தத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவள் நான். இப்போது அந்தப் பிள்ளை விமானம் பார்க்கப் போகணும் என்கிறான். எங்களுக்கு இதெல்லாம் வேடிக்கைப் பொருளா? (ஒரு தாய், தோப்பூர்)

ப: இல்லை அம்மா. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டு விழுந்ததும், ஓகஸ்ட்டில் மூதூர் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்ததும், அதே நாட்களில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டதும், அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படாததும் எந்த விமானத்துக்குப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்காது. அங்கே எஞ்சின் இருக்கும், வேகம் இருக்கும். கீழே நின்றவர் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. மகனைப் போக விடுங்கள். போவதற்கு முன் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: எந்தப் பாதையால் நடந்தீர்கள், யார் தண்ணீர் தந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்தீர்கள். மூதூருக்கும் ஒரு நூதனசாலை வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு அறை போதும். முகாம் பதிவு அட்டையும் நிவாரண அட்டையும் ஓடும்போது எடுத்த பையும் அதில் இருக்கட்டும். முஸ்லிம் வீட்டிலிருந்தும் தமிழ் வீட்டிலிருந்தும் வரட்டும்.

கே: இரத்மலானையில் எதை முதலில் பார்ப்பது? (ஆசிரியை, மூதூர்)

ப: ஜெட் ப்ரொவோஸ்ட், அடுத்து மிக்-17. இரண்டுக்கும் 1971உடன் தொடர்பு. ஏப்ரல் கிளர்ச்சியில் ஜெட் ப்ரொவோஸ்ட் தாக்கியது தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்களை. மிக்-17 அந்த நெருக்கடியில் சோவியத் ஒன்றியம் கொடுத்தது. வடக்கும் கிழக்கும் குண்டு பார்ப்பதற்கு முன்பே தெற்கு பார்த்துவிட்டது என்பதை உங்கள் மாணவர்கள் அங்கே நின்று அறிய வேண்டும்.

கே: நாங்கள் நாலு பெண் பிள்ளைகள். இது பெடியன்களுக்கான பயணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். (மாணவி, மூதூர்)

ப: 2020இல் இலங்கை விமானப்படையின் முதல் பெண் விமானிகள் பயிற்சி முடித்து வெளியேறியது சீனக்குடாவிலிருந்துதான். அதை வீட்டில் சொல்லுங்கள்.

கே: உள்ளே படம் எடுக்க விடுவார்களா? (மாணவர், மூதூர்)

ப: வாசலில் நிற்கும் சிப்பாயிடம் முதலில் கேளுங்கள்; முகாமுக்குள் அவர் சொன்னதே சட்டம். விட்டால் விமானத்தோடு பக்கத்துப் பலகையையும் எடுங்கள். தோப்பூர் அம்மாவின் மகனைக் கண்டால் அவனையும் கூட்டிப் போங்கள்.